அடிபட்ட வண்டியை விற்றேன்: ஒரு சால்வேஜ் டைட்டில் கணக்கு

நான் போட்ட விளம்பரத்தில் முதலில் 16 படங்கள் இருந்தன. 15 படங்களில், கழுவித் துடைத்து மாலை வெயிலில் நிறுத்திய நீல நிற வண்டி. கடைசிப் படத்தில் மட்டும் டிக்கி உள்ளே போய், பம்பர் தொங்கிக்கொண்டிருக்கும். அவ்வளவு தூரம் யார் தள்ளிப் பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பில் போட்டது. ஆறு வாரம் கழித்து வண்டி கைமாறியபோது அந்தக் கடைசிப் படம் முதல் படமாகியிருந்தது. 15,900 டாலர் என்று ஆரம்பித்த விலை 11,600-க்கு வந்திருந்தது. இடையில் நடந்ததைக் கணக்கோடு எழுதுகிறேன். இன்சூரன்ஸ் கம்பெனி 'முழு நஷ்டம்' என்று கழித்துவிட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்தில் விழும் முத்திரைதான் சால்வேஜ். கலிபோர்னியாவில் நடந்த விற்பனை இது. மற்ற மாநிலங்களில் படிவங்களும் பெயர்களும் மாறும்.

வண்டி 2015 மாடல் சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். 2.0 லிட்டர் டர்போ எஞ்சின், 268 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் விசை போகும், ஆறு கியர் மேனுவல். நாலு கதவு இருப்பதால் வீட்டில் 'குடும்ப வண்டி' என்று சொல்லி வாங்கிவிடலாம். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

2019 அக்டோபரில் ஒரு மாலை, 880 நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருந்த நெரிசலில் ஒரு பிக்கப் லாரி பின்னால் வந்து இடித்தது. இடித்த வேகத்தில் நான் முன்னால் நின்ற வண்டியில் போய் முட்டினேன். யாருக்கும் காயமில்லை. ஏர்பேக் வெடிக்கவில்லை. இந்த ஒரு வரிக்குப் பிற்பாடு எவ்வளவு மதிப்பு வரும் என்று அன்றைக்குத் தெரியாது. பின்னால் டிக்கியின் தரைத் தகடு சுருங்கிவிட்டது, இடது பின் ஓரத்தகடு மடிந்துவிட்டது. முன்னால் பம்பர், ரேடியேட்டர், ஏ.சி. கண்டென்சர், ஒரு ஹெட்லைட். டபிள்யூ.ஆர்.எக்ஸில் இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) எஞ்சினுக்கு மேலே, பானட்டில் துருத்திக்கொண்டிருக்கும் அந்தக் காற்றுவாய்க்கு அடியில் இருக்கிறது. அதனால் அது தப்பியது.

தவறு லாரிக்காரர் பக்கம் என்பதால் அவருடைய இன்சூரன்ஸ் பேசியது. விபத்துக்கு முன் வண்டியின் சந்தை மதிப்பு 21,400 டாலர். பழுதுபார்க்க 14,900. அடிபட்ட நிலையிலேயே ஏலத்தில் விட்டால் கிடைப்பது 7,200. மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு செலவில் சரியாகிவிடும் வண்டியை எதற்கு டோட்டல் (முழு நஷ்டம்) பண்ணினார்கள் என்று அன்றைக்கு எனக்குக் கோபம். ஆனால் கணக்கு அப்படிப் போவதில்லை. ஃபுளோரிடாவில் பழுதுச் செலவு மதிப்பில் 80 சதவீதத்தைத் தொட்டால் டோட்டல், நியூயார்க்கில் 75, டெக்சாஸில் முழு 100. கலிபோர்னியாவில் சதவீதமே கிடையாது. பழுதுச் செலவையும் ஏல மதிப்பையும் கூட்டுவார்கள். அது சந்தை மதிப்பைத் தாண்டினால் முடிந்தது. 14,900-உடன் 7,200 சேர்த்தால் 22,100. எழுநூறு டாலரில் என் வண்டி டோட்டல் ஆனது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், 'சால்வேஜ்' என்ற சொல்லைக் கேட்டதும் நெருப்பில் வெந்த வண்டியோ வெள்ளத்தில் மிதந்த வண்டியோதான் எல்லார் மனதிலும் வரும். அந்தச் சொல் சேதத்தின் அளவைச் சொல்வதில்லை. சேதமும் விலையும் எந்த விகிதத்தில் நின்றன என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஏல மதிப்பு அதிகமுள்ள வண்டி, அதாவது ஆட்கள் ஆசைப்படும் வண்டி, இந்தச் சூத்திரத்தில் சீக்கிரமாகவே டோட்டல் ஆகும். டபிள்யூ.ஆர்.எக்ஸ். மாதிரி வண்டிகளுக்கு இது பெரிய அநியாயம் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

வண்டியை நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். 21,400-இல் 7,200 கழித்து 14,200 டாலருக்குக் காசோலை வந்தது. பழைய டைட்டிலை (நம்மூர் ஆர்.சி. மாதிரி, ஆனால் உரிமைப் பத்திரம் மட்டும்) டி.எம்.வி.யில் (வாகனப் பதிவு அலுவலகம்) ஒப்படைத்து, சால்வேஜ் சான்றிதழ் வாங்கினேன். அது கையில் இருக்கும்வரை வண்டி சாலையில் ஓடக்கூடாது. ஏழு வாரம் டிங்கரிங் பட்டறையில் கிடந்தது. சட்டகத்தை இழுவை மேசையில் ஏற்றி நிமிர்த்தி, டிக்கியின் பின் தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் செய்தார்கள். டிக்கிக் கதவு பழைய சாமான் யார்டில் அதே நீலத்தில் கிடைத்தது, ஒரு பெயின்ட் செலவு மிச்சம். மொத்தம் 8,600. அப்புறம் பிரேக் சான்று, விளக்குச் சான்று, சேஸிஸ் எண் சரிபார்ப்பு, ரெக் 343 என்ற பதிவு விண்ணப்பம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 400 டாலர். (பிரேக், விளக்கு என்று தனித்தனியாக இருந்த ஆய்வை 2024-இல் ஒன்றாக்கிவிட்டார்கள்.) புது டைட்டில் வந்தது. அதில் 'சால்வேஜ்டு' என்று அச்சடித்திருந்தது. சட்டமொழியில் இதற்கு 'மீட்டெடுத்த சால்வேஜ்' என்று பொருள்படும் பெயர் உண்டு. வாங்க வருபவர்கள் யாரும் அந்த முன்னொட்டைக் கண்டுகொள்வதில்லை.

மூன்று வருஷம் ஓட்டினேன். ஒரு குறையும் வைக்கவில்லை. பையன் பிறந்தான். கிளட்ச்சும் குழந்தைக்கான கார் சீட்டும் ஒத்துப்போகவில்லை. 2023 மார்ச்சில் 84,000 மைலில் விற்கப் போட்டேன்.

முதல் மூன்று வாரம்

வண்டிகளின் சந்தை விலை சொல்லும் கெல்லி புளூ புக் தளத்தைப் பார்த்தேன். நல்ல டைட்டில் உள்ள இதே வண்டி, இதே மைல், தனியார் விற்பனையில் 18,500 டாலர் காட்டியது. சால்வேஜ் வண்டிக்கு அவர்கள் விலை சொல்வதில்லை. பொதுவாக 20 முதல் 40 சதவீதம் குறையும் என்று சந்தையில் ஒரு வாய்க்கணக்கு உண்டு. என் வண்டிதான் தங்கமாச்சே, குறைந்தபட்சக் கழிவே போதும் என்று நினைத்தேன். அதிலும் கொஞ்சம் மிச்சம் பிடித்து 15,900 போட்டேன். 'சால்வேஜ்' என்ற சொல்லை வர்ணனையின் கடைசி வரியில், புது டயர் போட்ட செய்திக்குப் பின்னால் வைத்தேன். பொய் சொல்லவில்லை. ஒளித்து வைத்தேன், அவ்வளவுதான்.

11 பேர் அழைத்தார்கள். ஒன்பது பேருடைய முதல் கேள்வி "டைட்டில் க்ளீனா?" இல்லை என்றதும் போனை வைத்துவிட்டார்கள். பத்தாவது ஆள் பழைய வண்டி வாங்கி விற்பவர். பார்க்காமலே 7,000 என்றார். பேரமே இல்லை, பிடித்தால் கொடு என்ற தொனி.

பதினொன்றாவது ஆள் சன்னிவேலில் வேலை பார்க்கும் மதுரைப் பையன். வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தான், இரண்டாவது கியரில் டர்போ பிடித்து இழுத்ததும் சிரித்தே விட்டான். கிரெடிட் யூனியனில் (கூட்டுறவு வங்கி மாதிரி) கடன் ஒப்புதல் கையில் இருக்கிறது, திங்கட்கிழமை பணம் என்றான். திங்கட்கிழமை டைட்டிலின் படத்தை அனுப்பினேன். அன்று மதியமே அழைத்தான். "அண்ணா, சால்வேஜ்னா லோன் கிடையாதாம். இதை முதல் வரியிலேயே போட்டிருக்கலாம்ல? ஒரு சனிக்கிழமை முழுக்க வீணாப் போச்சு." அவன் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே உறைத்தது.

அன்றைக்குத்தான் யாருக்கு விற்கிறோம் என்பதே எனக்குப் புரிந்தது. வங்கிகளும் கிரெடிட் யூனியன்களும் பெரும்பாலும் இந்த டைட்டிலுக்குக் கடன் தருவதில்லை. மோதல் சேதத்துக்கான காப்பீட்டை மறுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிகள் நிறைய. ஆக, வாங்கக்கூடியவர் கையில் ரொக்கம் வைத்திருப்பவர், வண்டியின் அடிவயிற்றைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர். நானோ மாலை வெயில் படங்களைப் போட்டு, கடன் வாங்கி வருபவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒரு புகைச் சோதனை

கலிபோர்னியாவில் இந்த வயது வண்டியை விற்பவர்தான் ஸ்மாக் (புகைச் சோதனை) சான்று எடுத்துத் தர வேண்டும், 90 நாளைக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். சால்வேஜுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் ஸ்போர்ட்ஸ் செடானுக்கும் இதற்கும் நிறையவே இருக்கிறது. இந்த வண்டியை வாங்குகிற நிறையப் பேர் எஞ்சின் கம்ப்யூட்டரில் 'ட்யூன்', அதாவது விசையைக் கூட்டும் மாற்று மென்பொருள், ஏற்றிக்கொள்வார்கள். நானும் 2017-இல் ஏற்றினேன். 2021 ஜூலையிலிருந்து சோதனை நிலையக் கருவி கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருளையே படித்துப் பார்க்கிறது. கம்பெனி போட்டதோ காற்றுவள வாரியம் அனுமதித்ததோ இல்லையென்றால் தோல்வி.

அதனால் பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிட்டு, மறுநாளே சோதனைக்குப் போனேன். முட்டாள்தனம். மென்பொருளை மாற்றினால் வண்டி தன்னைத் தானே சோதித்து வைத்திருந்த பதிவுகள் எல்லாம் அழிந்துவிடும். 2000 மாடல் முதலான பெட்ரோல் வண்டிகளில் பெட்ரோல் ஆவி சம்பந்தமான சுயசோதனை ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம். மற்றவை முடிந்திருக்க வேண்டும். எனக்கு மூன்று பாக்கி. கட்டணம் போனது. நான்கு நாள் நெடுஞ்சாலையிலும் ஊருக்குள்ளும் மாற்றி மாற்றி ஓட்டி, வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு மறுபடி போனேன். தேறியது. இதில் கிடைத்த ஒரு லாபம், விளம்பரத்தில் 'எஞ்சின் மென்பொருள் கம்பெனியுடையது, ஸ்மாக் தேறியது' என்று எழுத முடிந்தது. பழைய ட்யூனையும் மறைக்கவில்லை.

படங்களின் வரிசை

பழைய விளம்பரத்தை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். முதல் படம், பட்டறைக்கு வெளியே டிக்கி நொறுங்கி நிற்கும் வண்டி. இரண்டாவது, டிக்கி விரிப்பைத் தூக்கி எடுத்த, சுருங்கிய தரை. மூன்றாவது, இழுவை மேசையில் சங்கிலி மாட்டிய நிலை. ஐந்தாவதில்தான் இன்றைய வண்டி. முதல் வரி: 'சால்வேஜ் டைட்டில். 2019-இல் பின்னாலிருந்து இடித்தது. ஏர்பேக் வெடிக்கவில்லை. ரொக்கம் மட்டும்.' விலை 12,400.

"ஏங்க, பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட ஆஸ்பத்திரி ஃபைலை முதல்ல நீட்டுற மாதிரி இருக்கே" என்றாள் மனைவி. உவமை சரியாகவே இருந்தது, ஆனால் நான் படத்தை மாற்றவில்லை.

கூடவே ஒரு கோப்பு தயார் செய்தேன். இன்சூரன்ஸ்காரர் எழுதிய ஒன்பது பக்க மதிப்பீடு, பாகங்கள் வாங்கிய ரசீதுகள், பிரேக், விளக்குச் சான்றுகள், ஏர்பேக் கம்ப்யூட்டரில் பிழை எதுவும் பதிவாகவில்லை என்று காட்டும் ஸ்கேன் தாள், வீல் அலைன்மென்ட் அச்சுத்தாள். கடைசித் தாள்தான் முக்கியம் என்பது என் கருத்து. அதில் 'த்ரஸ்ட் ஆங்கிள்' என்று ஒரு எண் இருக்கும். பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து வண்டியை எந்தப் பக்கம் தள்ளுகின்றன என்று அது சொல்லும். பின்னால் அடிபட்டுச் சட்டகம் கோணிய வண்டியில் அது எளிதில் பூஜ்யத்துக்கு வராது. ஸ்டீயரிங்கைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால்தான் நேராகப் போகும். என்னுடையதில் 0.02 டிகிரி. 40 டாலரோ 140 டாலரோ, விற்பதற்கு முன் புதிதாக ஒரு அலைன்மென்ட் எடுத்துவிடுவது நல்லது.

தேசிய வாகன டைட்டில் தகவல் அமைப்பு தரும் அறிக்கையையும் நானே சில டாலர் கட்டி எடுத்து வைத்தேன். அமெரிக்க நீதித் துறையின் கீழ் இயங்கும் இந்த அமைப்புக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகளும் பழைய வண்டி யார்டுகளும் மாதாமாதம் தகவல் தர வேண்டும். 1992-இல் வந்த கார் திருட்டுத் தடுப்புச் சட்டத்தில் பிறந்தது, 2009-இலிருந்து பொதுமக்களுக்கும் கிடைக்கிறது. முன்பெல்லாம் ஒரு மாநிலத்து சால்வேஜ் வண்டியை, விதி தளர்ந்த இன்னொரு மாநிலத்தில் பதிந்து, அந்தச் சொல் இல்லாத புது டைட்டிலோடு திரும்பக் கொண்டுவருவார்கள். டைட்டிலைச் சலவை செய்வது என்று அதற்குப் பெயர். 2005-இல் கத்ரீனா புயலில் மூழ்கிய வண்டிகள் பல இப்படிப் பல மாநிலங்களுக்குப் போய் விலைபோயின. இன்றைக்கு டைட்டில் தாளில் அந்தச் சொல் அழிந்தாலும் இந்த அறிக்கையில் நிற்கும். வாங்குபவர் எடுத்துப் பார்க்கத்தான் போகிறார். நம் கையிலிருந்தே போகட்டும்.

இரண்டாவது விளம்பரத்துக்கு நான்கே அழைப்புகள். ஒன்று, வண்டியைப் பார்க்காமலே முழு விலை தருகிறேன், காஷியர் செக் (வங்கியே எழுதித்தரும் செக்) அனுப்புகிறேன், ஆள் வந்து ஏற்றிக்கொள்வார் என்ற பழைய மோசடி. போலிச் செக் திரும்பி வரும்போது வண்டி போயிருக்கும். மற்ற மூன்று பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: பின் ரெயில் (டிக்கிக்கு அடியில் ஓடும் சட்டகத் தண்டு) வளைந்ததா, இழுத்தார்களா, வெட்டி ஒட்டினார்களா? 'டைட்டில் க்ளீனா' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வாங்கியவர் ஹேவர்டிலிருந்து மகளோடு வந்தார். மெக்சிகோக்காரர், தாமே டிங்கரிங் வேலை செய்பவர், ஐம்பது வயதிருக்கும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லவில்லை. நேராகப் பின்னால் போனார். டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, விளக்கோடு தலையை உள்ளே விட்டார். தகடுகள் சேரும் இடத்தில் பூசியிருந்த சீலரை விரலால் தடவினார். கம்பெனியில் மெஷின் பூசிய சீலர் ஒரே கனத்தில் ஓடும், கையால் பூசியது மேடும் பள்ளமுமாக இருக்கும். இடது பக்கம் எங்கே கை வேலை ஆரம்பிக்கிறதோ அங்கே விரல் நின்றது. விளம்பரத்தில் போட்ட இரண்டாவது படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். படத்தில் சுருங்கியிருந்த இடமும் விரல் நின்ற இடமும் ஒன்றாக இருந்தன. தலையை ஆட்டிக்கொண்டார்.

அப்புறம் பையிலிருந்து பெயின்ட் கனம் பார்க்கும் கருவி. கூரையில் 120 மைக்ரான், வலது கதவில் 125. இடது பின் ஓரத்தகட்டில் 280. அங்கேயே நாலைந்து இடத்தில் வைத்தார், 300-ஐத் தாண்டவில்லை. பட்டி கனமாக அப்பியிருந்தால் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டியிருக்கும். கடைசியாகச் சாவியைப் போட்டு, ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைகிறதா என்று பார்த்தார். எரியவே எரியாவிட்டால்தான் பயம். பல்பைப் பிடுங்கிவைத்து ஏர்பேக் இல்லாமல் விற்பவர்கள் இருக்கிறார்கள். மகள் ஓட்டிப் பார்த்தாள். அவர் பின் சீட்டில் உட்கார்ந்து சத்தம் கேட்டபடி வந்தார்.

ஒரு மணி நேரம் இதெல்லாம் பார்த்தவர் பேரத்துக்கு ஐந்து நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. 11,000 என்றார், 12,000 என்றேன், 11,600.

அவருடைய வங்கியில் கவுன்ட்டருக்கு முன்னாலேயே காஷியர் செக் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன். டைட்டிலில் கையெழுத்து, ஓடோமீட்டர் அளவு. 2011 முதலான மாடல்களுக்கு 20 வருஷம்வரை இந்த மைல் கணக்கை எழுதித்தர வேண்டும். ரெக் 135 விற்பனைச் சீட்டில் 'சால்வேஜ் டைட்டில், 2019 பின்பக்க விபத்து, சேதப் படங்களும் மதிப்பீடும் வாங்குபவரிடம் கொடுக்கப்பட்டன' என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். 'இருக்கிற நிலையில் விற்பனை' என்று மட்டும் எழுதினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். தெரிந்ததை மறைத்து விற்றவருக்கு அந்த வாசகம் துணைக்கு வராது. வங்கி வாசலிலேயே போனில் டி.எம்.வி. தளத்துக்குப் போய், கைமாற்ற அறிவிப்பைப் பதிவு செய்தேன். ஐந்து நாள் அவகாசம் உண்டு, நான் ஐந்து நிமிஷம்கூட வைக்கவில்லை.

கணக்கு

நல்ல டைட்டிலாக இருந்தால் 18,500, எனக்குக் கிடைத்தது 11,600. அந்த ஒரு சொல்லுக்காக 6,900 டாலர் போனது, 37 சதவீதம். நண்பர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஆனால் 2019-இல் என்ன நடந்தது? 14,200 வாங்கினேன். பழுதுக்கு 8,600, சான்றுகளுக்கு 400. மீதி 5,200 என் கணக்கில் அப்போதே விழுந்து, அடுத்த வருஷமே வேறு எதற்கோ செலவாகியும் போயிற்று. டைட்டிலில் விழப்போகும் அடிக்கு முன்கூட்டியே கிடைத்த ஈடு அது. ஆக உண்மையான நஷ்டம் 1,700 டாலர். முதல் விளம்பரத்தில் நான் 15,900 கேட்டபோது, இன்சூரன்ஸ் ஒருமுறை கொடுத்துவிட்ட பணத்தை இன்னொருவரிடம் இரண்டாம் முறை கேட்டுக்கொண்டிருந்தேன். அது அப்போது என் கண்ணில் படவே இல்லை.

பட்டறையில் ஏழு வாரம் வண்டியில்லாமல் அலைந்ததையும், டி.எம்.வி.யில் போன மூன்று அரை நாட்களையும் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் கணக்கு இவ்வளவு அழகாக வராது.

ஜூன் மாதம் ஒரு தபால் வந்தது. டம்பார்டன் பாலத்துச் சுங்கம் ஏழு டாலர் கட்டவில்லை என்ற நோட்டீஸ், என் பெயருக்கு. கலிபோர்னியாவில் நம்பர் பிளேட் வண்டியோடே போகிறது. அவர் பெயர் மாற்றம் இன்னும் முடியவில்லை போலும். கைமாற்ற அறிவிப்பின் ரசீதை அனுப்பினேன், நோட்டீஸ் ரத்தானது. அதில் பாலத்து கேமரா எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருந்தது, வண்டியின் பின்பக்கம் மட்டும். டிக்கி இடுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, படத்தைக் கோப்பில் வைத்தேன்.